இரண்டு ஜோடி பிரேக் பேட்

புறப்பட எட்டு நாள் இருக்கும்போதே கூடத்தில் ஒரு பழைய போர்வையை விரித்துவிட்டேன். இடப்பக்கம் கருவிகள், நடுவில் உதிரிப்பாகங்கள், வலப்பக்கம் உடம்புக்கு வேண்டியவை. ஒவ்வொன்றையும் எடை பார்த்து, எத்தனை கிராம் என்று சிறு சீட்டில் எழுதி, பொருளுக்கு அடியில் செருகி வைத்தேன். அம்மா போர்வையைச் சுற்றி நடந்து சமையலறைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். மூன்றாம் நாள் நின்று பார்த்துவிட்டு, "இத்தன சாமானுக்கு இன்னொரு சைக்கிளே எடுத்துட்டுப் போயிரலாமே" என்றார். யோசித்துப் பார்த்தால் அது தவறான யோசனை இல்லை. எடைதான் இடம் கொடுக்காது.

பயணம் ஹிமாச்சலத்துக்கு. ஐந்து நாள் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவதாகத் திட்டம். நான், என் தோழி, உள்ளூர் வழிகாட்டி ஒருவர், அவ்வளவுதான். துணி மூட்டைகளைச் சுமக்கும் ஜீப் தார் ரோட்டில் வேறு வழியாகத் தங்குமிடத்துக்குப் போய்விடும். பாதையில் எது உடைந்தாலும் முதுகுப்பையில் இருப்பதை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். விமானத்தில் ஒரு பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோ. சைக்கிள் பதினான்கரை, பிளைவுட் பெட்டி ஐந்து. ஆளுக்கு மூன்றரை கிலோ மிச்சம். போர்வை மேல் இருந்ததெல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

பட்டியல் எழுதுவதுதான் என் வேலையும். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். ரிக் வண்டி ஒன்று ராஜஸ்தானுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ கிளம்பினால் அதோடு போகும் ஆட்கள் ஊர் திரும்ப மாதக்கணக்காகும். கூடவே எந்த உதிரி எத்தனை போக வேண்டும் என்று முடிவு செய்து தாளில் இறக்குவது எங்கள் பிரிவு. அங்கே நான் கற்றுக்கொண்டது மூன்று கேள்விகள். இது உடைய எவ்வளவு வாய்ப்பு? உடைந்தால் வேலை நின்றுவிடுமா? போகிற இடத்தில் இது கிடைக்குமா? மூன்றுக்கும் பதில் மோசம் என்றால் இரண்டு எடுத்துப் போக வேண்டும். ஒன்றுக்கு மட்டும் மோசம் என்றால் சாமியை நம்பலாம் என்று எங்கள் பிரிவில் சிரித்துக்கொள்வோம்.

அதே மூன்று கேள்விகளைச் சைக்கிளுக்கும் கேட்டேன். டியூப் ஆளுக்கு மூன்று. செயின் இணைக்கும் கண்ணி நான்கு. எடையே இல்லாத பொருள். கியர் கேபிள் இரண்டு. டயர் கிழிந்தால் உள்ளே வைத்து அடைக்கப் பழைய டயரில் வெட்டிய துண்டுகள். ஆரக்கம்பி ஆறு. பிரேக் பேட் ஆளுக்கு ஒரு ஜோடி. ஒரு சைக்கிளில் முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி ஓடும். ஓடிக்கொண்டிருந்த நான்கு ஜோடியும் ஏறக்குறைய புதியவை. ஐந்து நாளில் எல்லாம் ஒன்றாகத் தேய்ந்துவிடாது. எங்கள் இரண்டு சைக்கிளிலும் ஒரே மாடல் டிஸ்க் பிரேக் போட வைத்ததும் நான்தான், ஒருவர் உதிரி மற்றவருக்கு ஆகட்டும் என்று. ஆக மொத்தம் இரண்டு ஜோடி. அந்த வரிக்கு நேரே 'போதும்' என்று எழுதினேன்.

ஹேங்கர் மட்டும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் இரண்டு. பின் கியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சின்ன அலுமினியத் துண்டு அது. பதினேழு கிராம். சட்டத்துக்குச் சட்டம் அளவு மாறும். அதை நான் கொல்லிமலையில் தெரிந்துகொண்டேன்.

தோழியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சேலத்துக்காரி, அவள் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவள். நாமக்கல்லில் விடுதியோடு கூடிய பெரிய பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். நான் அவளை டீச்சர் என்பேன், அவள் என்னை இன்ஜினியர் என்பாள். அந்தப் பள்ளியில் விடுப்பு என்பது காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு வரும் ஒன்பது நாள்தான். மற்ற நாட்களில் ஞாயிற்றுக்கிழமைகூட முழுதாகக் கிடைக்காது. போன ஜனவரியில் எப்படியோ ஒரு நாள் கேட்டு வாங்கி, கொல்லிமலை ஏற வந்தாள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கால் ஊன்றாமல் ஏற வேண்டும் என்று எட்டு மாதம் பயிற்சி எடுத்திருந்தாள். உதிரிகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ மிதிப்பதை மட்டும் பார் என்று சொல்லியிருந்தேன்.

ஐம்பத்து மூன்றாவது வளைவில் அவள் ஹேங்கர் முறிந்தது. என் பையில் ஹேங்கர் இருந்தது. அது என் சைக்கிளுக்கானது. அவள் சட்டத்தில் துளையே பொருந்தவில்லை. அரை மணி நேரம் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். கடைசியில் மலையிலிருந்து அன்னாசிப்பழம் ஏற்றி வந்த ஒரு குட்டியானை வண்டியை நிறுத்தி, அவளையும் சைக்கிளையும் மூட்டைகள் மேல் ஏற்றி அனுப்பிவிட்டு, பின்னாலேயே நான் இறங்கினேன். அடிவாரத்தில் அவள் திட்டவில்லை. "அன்னாசி மேல ஒக்காந்து வந்தா முதுகெல்லாம் குத்துதுடி" என்றாள், அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு கொல்லிமலை என்ற பேச்சையே அவள் எடுக்காமல் இருந்ததைக் கவனித்தேன். நான் எடுத்தாலும் வேறு பக்கம் போய்விடுவாள்.

அதனால்தான் ஹிமாச்சலத்துக்கு அவளை அழைக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அழைத்தபோது, "நடுவுல நின்னுட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

"நிக்காது. கடைசி கிலோமீட்டர் வரைக்கும் நீ உன் சைக்கிள்லதான் போவ. அது என் பொறுப்பு."

"எழுதிக் குடுப்பியா, இன்ஜினியர்?"

எழுதிக் கொடுத்தேன். எங்கள் படிவங்களில் முதல் வரி எப்போதும் நோக்கம் என்றுதான் இருக்கும். அதில், 'டீச்சர் முழுப் பாதையையும் ஓட்டி முடிப்பது' என்று எழுதினேன். அவள் கீழே கையெழுத்துப் போட்டாள், விடைத்தாளில் போடுவது போல் சிவப்பு மையில்.

புதன்கிழமை அவள் தன் மூட்டையோடு வீட்டுக்கு வந்தாள். கொக்கித் தராசில் மாட்டினேன். அறுநூறு கிராம் அதிகம்.

"இது என்ன பொட்டலம்?"

"எங்கம்மா சுட்ட தட்டை. தொடாத."

"தொள்ளாயிரம் கிராம் இருக்குது."

"உன் ஆரக்கம்பியை நான் கேட்டனா? உடஞ்சா நான் அதைத் திங்க முடியுமா?"

"தட்டையை வெச்சு சக்கரம் கட்ட முடியுமா?"

"பசிச்சா நான் மிதிக்கவே மாட்டேன். அப்புறம் உன் நோக்கம் என்னாகறது?"

என் அம்மா சமையலறையிலிருந்து, "புள்ள கொண்டுட்டுப் போகட்டும், உடு" என்று தீர்ப்புச் சொன்னார். முந்நூறு கிராம் தட்டை அங்கேயே எங்கள் வயிற்றுக்குள் போயிற்று. மீதியில் பாதியை என் பெட்டிக்கு மாற்றினேன். அதற்கு ஈடாக என் இரண்டாவது முழுக்கால் சட்டையை எடுத்துவிட்டேன்.

பெட்டியில் அடைக்கும் வேலையை அப்பா ஏற்றுக்கொண்டார். வெகு காலம் வடநாட்டு லைனில் லாரி ஓட்டியவர். இப்போது நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் யார்டு ஒன்றில் மேற்பார்வை. பிளைவுட், ஸ்பாஞ்சு, திருகாணி எல்லாம் அங்கே உண்டு. பெட்டி அங்கேதான் தயாரானது. என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு ஒரு தாள் கொடுத்தேன். எங்கள் நிறுவனத்தில் ஏற்றுமதிப் பெட்டிக்கென்று ஒரு படிவம் இருக்கிறது. அதை எடுத்து, ரிக் பாகங்கள் இருந்த இடத்தில் சைக்கிள் பாகங்களைப் போட்டு, தமிழாக்கி, பத்தொன்பது வரியில் அச்சடித்துக் கொடுத்தேன். மதிய இடைவேளையில் இருபது நிமிடத்தில் முடித்த வேலை. அப்பா எழுதிக் கொடுத்தால் எழுதியபடி செய்வார். ஒவ்வொரு வரி முடிந்ததும் அடையாளம் போடச் சிவப்புப் பென்சில் ஒன்றைக் காதில் செருகிக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் கோயம்புத்தூரில் விமானம். வெள்ளிக்கிழமை காலை, மூடி போட்டு அறைவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று யார்டுக்குப் போனேன். பெட்டிகள் அழகாக இருந்தன. கைப்பிடிக்கு லாரி சீட்டின் ஸ்பாஞ்சு சுற்றி, சக்கரங்களுக்கு நடுவே கட்டை கொடுத்து, ஒன்றோடொன்று உரசாமல் கயிறு போட்டிருந்தார். குனிந்து பார்த்தபோது டிஸ்க் மஞ்சளாகப் பளபளத்தது.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் எஃகுத் தட்டு. பேட் இரண்டு பக்கமும் அதைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்தும். அதில் எண்ணெய்ப் பசை பட்டால் தட்டைத் துடைத்துவிடலாம். பேட்டைத் துடைக்க முடியாது. பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும். விரலை வைத்துப் பார்த்தேன். கிரீஸ்தான்.

"ஏங்கப்பா, இதுல கிரீஸ் போட்டது யாருங்க?"

"நாந்தான். நேத்தே போட்டு, சக்கரத்த நாலு சுத்து சுத்தி உட்டுத்தான் கழட்டுனேன். சந்து பொந்தெல்லாம் போகோணுமில்ல?"

"நாலு டிஸ்குக்குமா?"

"நாலுக்குந்தான் சாமி. ஏன், பத்தலயா?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேசையில் இருந்த தாளை எடுத்து வந்து நீட்டினார். ஏழாவது வரி: 'வண்ணம் பூசாத, மெருகேற்றிய எல்லா உலோகப் பரப்புகளிலும் கிரீஸ் தடவவும்.' பக்கத்தில் சிவப்பு அடையாளம். கப்பலில் உப்புக் காற்றுப் பட்டு ரிக்கின் பாகங்கள் துருப்பிடிக்காமல் இருக்க எங்கள் படிவத்தில் உள்ள வரி அது. நான் நூறு முறைக்கு மேல் அச்சடித்திருக்கிறேன். அதனாலேயே படிக்காமல் விட்டிருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னேன். அப்பா பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"அப்ப நாங் கெடுத்துட்டனா?"

"நீங்க இல்லைங்கப்பா. நான் எழுதுனதத்தான் நீங்க செஞ்சீங்க."

"எனக்கும் ஒரு நெனப்பு வந்துது. பிரேக்குல போயி கிரீஸான்னு. லாரி டிரம்முல ஒரு சொட்டு பட்டாலே கழட்டித் தொடைப்போம். ஆனா நீ எழுதியிருக்கறயே, இது வேற தினுசு பிரேக்கோ என்னமோன்னு உட்டுட்டேன்."

"ஒரு போன் போட்டிருக்கலாமில்லைங்க."

"இன்ஜினியர் எழுதுனதுக்கு எதுக்குப் போனு?" என்றார். கிண்டல் இல்லை. அவர் அப்படித்தான் நினைத்திருந்தார்.

அப்போது மணி ஒன்பதரை. இருப்பதை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். நல்ல பேட் இரண்டு ஜோடி, உறை பிரிக்காமல். வேண்டியது நான்கு. எங்கள் பிரேக் பழைய மாடல். பேட்டின் வடிவம் தனி. சேலத்தில் இரண்டு கடை, ஈரோட்டில் ஒன்று, கோயம்புத்தூரில் மூன்று கடைகளுக்குப் போன் செய்தேன். எங்கும் இல்லை. ஆர்டர் போட்டால் நான்கு நாள் ஆகும் என்றார்கள். நான்காம் நாள் நாங்கள் மலையில் இருப்போம்.

முதல் வேலை தட்டுகளைச் சுத்தம் செய்வது. அதற்கு எண்ணெய்ப் பசை விடாமல் ஆவியாகும் திரவம் வேண்டும். யார்டில் பெயிண்ட் தின்னர் இருந்தது, அதை நான் நம்பவில்லை. நாமக்கல்லில் கோழிப் பண்ணைகளுக்கான மருந்துக் கடைகளில் ஆய்வகச் சாமான்களும் உண்டு. ஒரு கடையில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் அரை லிட்டர் கேட்டேன்.

"எத்தன பறவைங்க உங்களுக்கு, அம்மிணி?" என்றார் கடைக்காரர், பில் புத்தகத்தைத் திறந்துகொண்டே.

"ரெண்டு சைக்கிளுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பறவைகள் என்ற கட்டத்தில் கோடு போட்டார்.

பகல் பன்னிரண்டுக்குள் நான்கு தட்டுகளையும், பிடிக்கும் கவ்விகளின் உட்புறத்தையும் மூன்று முறை துடைத்து முடித்தேன். கெட்டுப்போன நான்கு ஜோடிப் பேட்களையும் அப்பா தீ பீய்ச்சும் புளோ லாம்ப் வைத்துச் சூடு காட்டினார். புகை வந்துகொண்டே இருந்தது. புகை நின்றதும் உப்புத்தாளில் தேய்த்தேன். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தன.

டீச்சர் கடைசி நாள் விடைத்தாள் கட்டுகளை ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டரில் நேராக யார்டுக்கு வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னேன், ஏழாவது வரி உட்பட. தாளை வாங்கி முழுவதும் படித்தாள். தவறான கணக்கில் எந்தப் படியில் பிழை என்று தேடுகிற முகம்.

"நல்லது எத்தன ஜோடி?"

"ரெண்டு."

"வேண்டியது?"

"நாலு."

"இந்த வறுத்தது பிடிக்குமா?"

"கொஞ்சம் பிடிக்கும். எவ்வளவுன்னு தெரியாது."

"தெரியாதுன்னு எழுதினா நான் மார்க்கே போட மாட்டேன். டெஸ்ட் வை."

யார்டுக்கு முன்னால் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோடு லேசான சரிவில் புதுச்சத்திரம் பக்கம் இறங்குகிறது. இரண்டு சைக்கிளையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டி, அவள் சைக்கிளில் நல்ல பேட்களையும், என் சைக்கிளில் சூடு காட்டிய பேட்களையும் மாட்டினேன். ஒரே வேகத்தில் வந்து, சாக்குக்கட்டிக் கோட்டில் பிரேக் பிடித்து, எங்கே நிற்கிறது என்று அளப்பது. அப்பா டேப்போடு நின்றார். வெல்டிங் வேலையை நிறுத்திவிட்டு நான்கைந்து பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அவள் சைக்கிள் ஒன்பது மீட்டரில் நின்றது. என்னுடையது முதல் முறை இருபத்திரண்டு. பெயிண்டர் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, "அம்மிணி, பேசாம ஏர் பிரேக் போட்டு உட்டரட்டுங்களா? டேங்க் பின்னால கட்டிக்கலாமுங்க" என்றார்.

"அப்படியே லைட்டும் வெச்சு, முன்னால எலுமிச்சங்காயும் கட்டியுடுங்க" என்றார் இன்னொருவர்.

"எடை கூடிருமுங்க" என்றேன். அவர்கள் சிரித்ததற்கு அப்புறம்தான் நான் நிஜமாகவே எடையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

பத்து முறை ஓடினேன். இருபத்திரண்டு, பத்தொன்பது, பதினேழு என்று குறைந்து, பதினான்கில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் கன்றுக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வேறு.

தரையில் சாக்குக்கட்டியால் இரண்டு வழிகளை எழுதினேன். முதல் வழி: ஆளுக்கு ஒரு நல்ல ஜோடி முன்னால், சூடு காட்டியது பின்னால். இரண்டு பேரும் சுமாராகப் போகலாம்; உதிரி என்று ஒன்றும் கையில் இருக்காது; கடைசி நாள் பெரிய இறக்கத்தில் யாருடைய பயணம் வேண்டுமானாலும் பாதியில் முடிந்துபோகலாம். இரண்டாவது வழி: நல்ல இரண்டு ஜோடியும் ஒரே சைக்கிளில். அந்த ஒருத்தி கவலையில்லாமல் முடிப்பாள். மற்றவள் பெரிய இறக்கத்தில் ஓட்டக் கூடாது.

"ரெண்டாவதுதான்" என்றேன். "நல்லது ரெண்டும் உனக்கு."

மற்றவர்கள் சொல்வது போல, வேண்டாம், பங்கு போட்டுக்கொள்வோம் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். அதற்கு மறுப்பாக இரண்டு காரணங்களைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். நான் தரையில் எழுதியிருந்ததை அவள் இன்னொருமுறை படித்தாள்.

"சரி" என்றாள். "எனக்கு வேணும். போன தடவ நான் ஒண்ணும் சொல்லல. இப்ப சொல்றேன். நான் முடிக்கணும்டி. எனக்கு அடுத்த லீவு அடுத்த வருஷம்தான்."

"அதான் எழுதியிருக்குதே."

"நீ லிஸ்ட் எழுதினது ரெண்டு தடவ தப்பாயிருச்சு. அதனால வாயாலயும் சொல்றேன்."

அப்பா டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "அப்ப உனக்கு எப்படி சாமி?" என்று கேட்டார்.

"இறக்கத்துல நடப்பேனுங்கப்பா."

"எத்தன தூரம்?"

"கடைசி நாள் பதினாலு கிலோமீட்டருங்க."

அப்பா டேப்பைக் கீழே வைத்தார். கெட்டுப்போன பேட்களில் மிச்சமிருந்த இரண்டு ஜோடியை எடுத்து, மறுபடியும் புளோ லாம்ப் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அதனால் பயன் இருக்காது என்று அவருக்கும் தெரியும். அவர் பாட்டுக்குச் செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

பட்டியல் இப்போது மாற வேண்டியிருந்தது. சைக்கிள் ஷூவின் அடி கட்டையாக இருக்கும். அதில் பதினான்கு கிலோமீட்டர் கல்லில் நடக்க முடியாது. நடக்கிற கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி எழுநூற்று இருபது கிராம். அந்த இடத்தை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். சைக்கிள்களை மறுபடி அடுக்கியதும் என் பெட்டியிலிருந்து ஆரக்கம்பிகளை எடுத்தேன். சின்ன பம்ப்பை எடுத்தேன். அவளிடம் ஒன்று இருக்கிறது. என் டியூப் மூன்றில் ஒன்று. இன்னும் முந்நூறு கிராம் தேவைப்பட்டது. என் பங்குத் தட்டைப் பொட்டலத்தைக் கையில் எடுத்தேன்.

"அதை வை" என்றாள் டீச்சர். "நடக்கறவளுக்குத்தான் அதிகமா பசிக்கும்."

தன் பெட்டியிலிருந்து கனமான துண்டு ஒன்றையும் ஷாம்பு பாட்டிலையும் எடுத்துக் கீழே வைத்தாள். என் பொட்டலத்தை வாங்கித் தன் பெட்டியில் செருகினாள். தராசில் இரண்டு பெட்டியும் இருபத்து மூன்றுக்குச் சற்றுக் கீழே நின்றன. அப்பா மூடிகளைப் போட்டு, திருகாணி முறுக்கினார். நான் சொல்லாமலே, திறக்க உதவும் என்று ஒவ்வொரு மூடியின் உள்ளேயும் ஒரு சிறு திருப்புளியை டேப் போட்டு ஒட்டியிருந்தார். அந்த வரி என் பத்தொன்பதில் இல்லை.

ஹிமாச்சலத்தில் இறங்கிய அன்றே இரண்டு சைக்கிள் கடைகளில் கேட்டுப் பார்த்தேன். எங்கள் பேட் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். முதல் நான்கு நாளும் பெரும்பாலும் ஏற்றம், சமாளித்தேன். சின்ன இறக்கங்களில் என் பிரேக் கத்திக்கொண்டே வருவது ஒரு வளைவுக்கு முன்பே கேட்கும். அவள் ஓரமாக நின்று வழி விடுவாள். முள் குத்தி இரண்டு முறை டியூப் மாற்றினோம். ஹேங்கர் உடையவில்லை. எடுத்துப்போன நான்கும் உறை பிரியாமல் இருந்தன.

ஐந்தாம் நாள் காலை கணவாயின் உச்சியில் வழிகாட்டி என் பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நான் ஏற்கெனவே ஷூ மாற்றிக்கொண்டிருந்தேன். டீச்சர் ஹெல்மெட் வாரை இறுக்கினாள். மிதியில் கால் வைத்தாள். வழிகாட்டி அவளுக்குப் பின்னால் போனார். மூன்றாவது வளைவு வரை அவளுடைய மஞ்சள் சட்டை தெரிந்தது.

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மூன்றரை மணி நேரம் ஆயிற்று. இடது கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. பாதையில் அவளுடைய டயர்த் தடத்தைப் பல இடங்களில் பார்த்தேன். இரண்டு இடத்தில் சக்கரம் வழுக்கிப் பிறகு நேரான தடம். எங்கேயும் கால் ஊன்றிய அடையாளம் இல்லை. நடப்பவளுக்கு இதையெல்லாம் பார்க்க நேரம் இருந்தது.

கீழே ஊர் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு டீக்கடை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் புழுதி, கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. நான் சைக்கிளைச் சாய்த்து வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள். மேலே அந்தச் செம்மண் வளைவு, அப்புறம் தண்ணீர் குறுக்கே ஓடுகிற இடம், அங்கே பின்சக்கரம் நழுவியது, அப்புறம் இடது பக்கம் ஒன்றுமே இல்லாத விளிம்பு, அதைத் தாண்டியதும் திடீரென்று பாதை முழுக்க ஆட்டு மந்தை. ஒரு வளைவைக்கூட விடவில்லை. நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டேன். மந்தை வந்த இடத்தில் குறுக்கிட்டேன்.

"அங்க பிரேக் எப்படி இருந்துது? முன்னாடி நல்லா கவ்வுச்சா? பின்னாடி சத்தம் ஏதாச்சும்?"

முள்கரண்டியை நிறுத்திவிட்டு நிஜமாகவே யோசித்தாள்.

"பிரேக்கா? அதைப் பத்தி நான் நெனைக்கவே இல்லடி" என்றாள். பிறகு ஆடுகளை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.